தூண்டில் கேள்வி – பதில்: மீனின் வாயைப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த குளங்களில் தண்ணீர் தெளியத் தொடங்கிவிட்டது. கடிதங்களும் அதற்கேற்றாற்போல் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன். ஒரு வேண்டுகோள். எழுதும்போது ஆறா, ஏரியா, வாய்க்காலா, என்ன மீன் என்பதையும் குறிப்பிடுங்கள். "என்ன தூண்டில் வாங்கலாம்?" என்று மட்டும் கேட்டால் திருச்சியில் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் நான் என்ன சொல்ல முடியும்?

எங்கள் ஊர்க் குளத்தில் குத்தகைக்காரரிடம் பணம் கட்டித்தான் தூண்டில் போடுகிறேன். மீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் என் தக்கை அசைவதே இல்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியவர் மட்டும் கெண்டையாக எடுக்கிறார். அவர் போடும் அதே மாவு உருண்டைதான் நானும் போடுகிறேன். என்ன வித்தியாசம் ஐயா?
– வாசகர், மன்னார்குடி

ஆழம்தான் வித்தியாசம். இரை ஒன்றாக இருந்தாலும் உங்கள் முள் நிற்கும் இடம் வேறு, அவர் முள் நிற்கும் இடம் வேறு.

குத்தகைக் குளங்களில் பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்துத்தான் விடுவார்கள். ஒன்றின் தீனியில் இன்னொன்று கை வைக்காது என்பதற்காகவே அப்படி. சந்தையில் இந்த மூன்று மீனையும் பக்கத்தில் வைத்து வாயைப் பாருங்கள். கட்லாவுக்குத் தலை பெரிது, கீழ்த்தாடை முன்னால் நீண்டு வாய் மேல்நோக்கித் திறக்கும். மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற வாய் அது. ரோகுவின் உதடு தடித்து ஓரம் சுருக்கம் விழுந்தது போல இருக்கும். அது நடுத்தண்ணீரில் மேய்கிற மீன். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும். தரையில் படிந்த மக்கலைத் தின்னும். சாதா கெண்டையும் தரை மீன்தான். அது சேற்றைக் கிளறும்போது மேலே சின்னச் சின்னக் குமிழிகள் கொத்தாகக் கிளம்பும்.

உங்களுக்குக் கண்ணில் பட்டது பெரும்பாலும் மேல்தண்ணீரில் புரளுகிற மீன். நீங்கள் போட்ட முள்ளோ தரைச் சேற்றில் கிடக்கிறது. அப்புறம் எப்படிக் கடிக்கும்?

முதலில் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். முள்ளில் இரை கோக்காமல், தக்கையை இழுத்து மூழ்கடிக்கிற அளவுக்குக் கனமான ஒரு ஈயக்குண்டை மாட்டி, மீன் பிடிக்கப்போகிற இடத்திலேயே போடுங்கள். தக்கை முழுகிவிட்டால் தண்ணீர் நீங்கள் நினைத்ததைவிட ஆழம். தக்கையை நரம்பில் மேலே ஏற்றுங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். தக்கையின் நுனி மட்டும் தண்ணீர் மட்டத்தில் நிமிர்ந்து நின்றால் முள் தரையைத் தொடுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் நரம்பின் மேல் ஒரு துண்டு நூலை முடிந்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மிர்காலுக்கும் சாதா கெண்டைக்கும் அந்த அளவே போதும். ரோகு வேண்டுமானால் ஓரடி, இரண்டடி உயர்த்துங்கள். கட்லாவுக்குப் பாதி ஆழத்துக்கும் மேலே கொண்டுவாருங்கள்.

கட்லாவுக்கு இரையின் பதமும் வேறு. கெட்டியாகப் பிசைந்த மைதாவை அது அவ்வளவாகச் சீண்டாது. வறுத்த தவிட்டையும் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கையும் தளர்வாகப் பிசைந்து, தண்ணீரில் விழுந்ததும் மெல்லக் கரைகிற மாதிரி வையுங்கள். அந்தக் கரைசலை உறிஞ்சும்போதுதான் முள் உள்ளே போகும். முள் சிறியதாக இருக்கட்டும். கட்லா கடித்தால் தக்கை பாய்ந்து முழுகும் என்று காத்திருக்காதீர்கள். லேசாக ஒரு நடுக்கம், பிறகு அரை அங்குலம் இறக்கம், அவ்வளவுதான். தரை மீன் கடித்தால் சில சமயம் தக்கை மேலே எழும்பிப் படுக்கும். ஈயத்தோடு இரையை மீன் தூக்குவதால் வருவது அது. படுத்த தக்கையைப் பார்த்து, இரை போய்விட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அதுதான் இழுக்க வேண்டிய நேரம்.

இன்னொன்று, இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர் வந்ததும் முதலில் இரண்டு கை தவிடு தூவுகிறாரா என்று கவனியுங்கள். தூவிவிட்டு, அதே இடத்தில் தூண்டிலை வைத்து அசையாமல் உட்கார்ந்திருப்பார். காலை முழுக்க அந்த ஒரு வட்டத்துக்குள் மீன் வந்து போய்க்கொண்டிருக்கும்.

நான் கல்லூரி மாணவன். கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது. முதல் ராடும் ரீலும் எது வாங்கலாம் அண்ணா? காணொளிகளில் காட்டுவதெல்லாம் விலை எட்டவில்லை.
– மாணவர், ஈரோடு

எட்ட வேண்டிய அவசியமும் இல்லை தம்பி. பவானி, காவிரி, காலிங்கராயன் வாய்க்கால் எல்லாம் உங்கள் ஊரைச் சுற்றி ஓடுகின்றன. இந்தத் தண்ணீருக்கு ஏழடி நீளத்தில், நடுத்தர வலுவில் ஒரு ஸ்பின்னிங் ராடு, 3000 அளவில் ஒரு ரீல், 0.30 மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பு போதும். உங்கள் பணத்துக்குள் அடங்கும். ராடை வாங்கும்போது வழிகாட்டி வளையங்கள் ஒவ்வொன்றின் உள்ளேயும் பஞ்சை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது பஞ்சு மாட்டினால் அங்கே பீங்கான் உடைந்திருக்கிறது. அந்த ராடு நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும். ரீலில் நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே போக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிராக்கைத் தளர்த்தி நரம்பை இழுத்துப் பாருங்கள். விட்டு விட்டு வெட்டி இழுக்காமல் ஒரே சீராக வர வேண்டும். பந்துத் தாங்கிகள் (பால் பேரிங்) எத்தனை என்று அட்டையில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

முள்ளின் எண்ணில் பலரும் குழம்புகிறார்கள். எண் கூடக் கூட முள் சிறிதாகும். 10 சிறியது, 4 பெரியது. 1-ஐத் தாண்டி 1/0, 2/0 என்று போனால் எண் கூடக் கூட முள்ளும் பெரிதாகும். ஜிலேபி மீனுக்கு 8 அல்லது 10, கெண்டைக்கு 4 அல்லது 6, விராலுக்கு 2/0, 3/0. இந்த மூன்று வகை வாங்கினால் ஒரு வருடத்துக்குப் போதும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். வயல்வெளியில் தாழத் தொங்கும் மின்கம்பிக்குக் கீழே ராடை உயர்த்திப் பிடித்து நடக்காதீர்கள், வீசவும் வீசாதீர்கள். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள்.

கண்மாயில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கிறேன். பத்து முறை பாய்ந்தால் எட்டு முறை தவறிவிடுகிறது. தவளைதான் திரும்பி வருகிறது. முள் சரியில்லையா?
– வாசகர், பரமக்குடி

முள் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முக்கால்வாசிக் காரணம் கைதான். விரால் தவளையைத் தாக்கும் சத்தம் கேட்டதும் உடம்பே துள்ளும், கை தானாக இழுத்துவிடும். அந்த நேரத்தில் மீன் தவளையை வாயில் முழுதாக வாங்கியிருக்காது. தண்ணீர் வெடித்ததும் ராடின் நுனியைத் தாழ்த்துங்கள். நரம்பு இறுகி மீனின் கனம் கைக்குத் தெரியும் வரை பொறுங்கள். தெரிந்ததும் தயங்காமல் ஓங்கி மேலே இழுங்கள். விராலின் வாய் கெட்டியான எலும்பு. செல்லமாக இழுத்தால் முள் ஏறாது.

கண்மாயில் ஆகாயத்தாமரையும் கோரையும் அல்லிக்கொடியும் மண்டிக் கிடக்கும். அதனால் தங்கூஸ் நரம்பு வேண்டாம். அது நீளும், நீங்கள் இழுக்கும் விசை முள்ளுக்குப் போய்ச் சேராது. 30 முதல் 40 பவுண்டு வரை தாங்கும், பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பும் விறைப்பான ராடும் வேண்டும். மாட்டியவுடன் மீனின் தலையைச் செடிக்கு மேலே தூக்கி நேராகக் கரைக்கு இழுத்துவிட வேண்டும். விளையாட விட்டால் செடிக்குள் புகுந்துகொள்ளும்.

தவளையையும் கொஞ்சம் கவனியுங்கள். ரப்பர் விறைப்பாக இருந்தால் மீன் கடித்தாலும் முள் வெளியே வராது. வெந்நீரில் சற்று நேரம் போட்டால் இளகும். இரட்டை முள்ளின் இரண்டு நுனிகளையும் இடுக்கியால் துளி வெளிப்பக்கம் வளைத்துவிடுங்கள். நீளமான கால் இழைகளைப் பாதியாக வெட்டுங்கள். விரால் இழையை மட்டும் கவ்விவிட்டுப் போவது குறையும். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் முன் பிதுக்கி விடுங்கள்.

எங்கே வீசுவது என்பதற்கு விராலே அடையாளம் காட்டும். அதற்கு மூச்சுவிடக் காற்றும் வேண்டும், அடிக்கடி மேலே வந்து போகும். வந்த இடத்தில் தண்ணீரில் வட்டம் விழும். அந்த வட்டத்தின் மேலேயே போடாதீர்கள். அதைத் தாண்டி வீசி, செடி ஓரமாக இழுத்து இழுத்து நிறுத்தி வாருங்கள். திறந்த இடம் வந்ததும் ஒரு நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். பெரும்பாலான தாக்குதல் நின்ற தவளை மேல்தான் வரும்.

இப்போது நான் அழுத்தமாகச் சொல்ல வருவது இது. மழைக்காலத்தில் மேல்தண்ணீரில் செம்மஞ்சள் நிறத்தில் பொடிக்குஞ்சுகள் பந்தாகத் திரண்டு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்தப் பந்தின் நடுவில் தவளையைப் போட்டால் பசியில்லாவிட்டாலும் பாயும்; ரொம்பச் சுலபம். சிலர் அதைப் பெருமையாகச் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பெற்ற மீனைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் வந்து அந்தக் குஞ்சுகளை மிச்சமில்லாமல் தின்றுவிடும். ஒரு மீனுக்காக அடுத்த வருடக் கண்மாயையே காலி செய்வது அது. குஞ்சுப் பந்து தெரிந்தால் வேறு பக்கம் நகருங்கள். உயிர்த் தவளையை முள்ளில் கோப்பதையும் விட்டுவிடுங்கள்; ரப்பர் தவளை அதே வேலையைச் செய்கிறது.

என் மகளுக்குப் பத்து வயது. தாத்தா மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் தூண்டில் வேண்டும் என்கிறாள். காவிரிக்கரையில்தான் வீடு. பழக்கலாமா அண்ணா? பயமாகவும் இருக்கிறது.
– வாசகி, முசிறி

தாராளமாகப் பழக்குங்கள் அம்மா. ஆனால் ஆற்றில் தொடங்க வேண்டாம். காவிரியில் மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழம் என்று வைத்த கால் அடுத்த அடியில் ஆளை முழுங்கும். மேட்டூரிலிருந்து வழக்கமாக ஜூன் 12 வாக்கில் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். கர்நாடகத்தில் மழை கொட்டினால் உபரி நீர் எந்த நேரமும் வரும். காய்ந்து கிடந்த மணல் திட்டு இரவோடு இரவாக முழுகிவிடும். முக்கொம்பிலும் கல்லணையிலும் மதகுக்குக் கீழே நுரை பொங்கும் இடத்தில் மீன் சேரும் என்பது உண்மைதான். அங்கே பெரியவர்களும் இறங்கக் கூடாது என்பேன்.

படித்துறையோ சரிவான கரையோ உள்ள சின்னக் குளம், இடுப்பளவுக்கு மேல் போகாத வாய்க்கால், இவை போதும். ஒன்பதடி மூங்கில் கம்பு, அதே நீளம் நரம்பு, ஒரு மயிலிறகுத் தண்டுத் தக்கை, மிளகு அளவு ஈயம், 10-ஆம் எண் முள், ஒரு துண்டு மண்புழு. ரீல் வேண்டாம். ஜிலேபி கரையோரமே மேயும், எந்த நேரமும் கடிக்கும். குழந்தைக்குச் சலிப்பு வராது. வெளிநாட்டிலிருந்து 1952-இல் கொண்டுவந்து விட்ட மீன் அது. இன்று நம் ஊர்க் குளம் குட்டையெல்லாம் பரவி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு பிடித்தாலும் கவலையில்லை.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்கை இடுக்கியால் அழுத்தி மடக்கிவிடுங்கள். கையில் குத்தினாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மீனைக் கழற்றும்போது முதுகு முள்ளைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி மடக்கிப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். கெளுத்தியோ தேளியோ மாட்டினால் அவள் தொட வேண்டாம், தாத்தா கழற்றட்டும். தேளியின் பக்க முள்ளில் விஷம் உண்டு. குத்தினால், பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை அரை மணி நேரமாவது வைத்திருந்தால் கடுப்பு அடங்கும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஒகேனக்கலுக்கு மேலே காவிரியில் பெரிய மகசீர் பிடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்த இடம், என்ன இரை என்று வழி சொல்லுங்கள்.
– வாசகர், ஓசூர்

இந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் வழி சொல்ல மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது திமில் மகசீர், கெண்டை இனத்துப் பெரிய ஆற்று மீன். உலகத்தில் காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டுமே இருக்கிற மீன். 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில் தூண்டிலில் எடுத்த மகசீர் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. தூண்டில்காரர்கள் இன்றைக்கும் பேசுகிற மீன் அது. அப்படிப்பட்ட மீன் இருந்த ஆற்றில் அணைகள் வந்தன, மணல் போனது, தோட்டா வெடித்து மீன் பிடித்தார்கள். மீனைப் பெருக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில் வேறோர் இன மகசீரைப் பண்ணையில் வளர்த்து விட்டார்கள். நீலத் துடுப்பு மகசீர் என்ற அந்த இனம் ஆற்றில் பெருகியது, காவிரிக்கே சொந்தமானது ஒதுங்கிவிட்டது. 2018-இல்தான் திமில் மகசீருக்கு உரிய அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது.

நீங்கள் சொல்லும் பகுதியில் காவிரியை ஒட்டிய காடு பெரும்பாலும் சரணாலயம். தமிழகப் பக்கம் 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று அறிவிக்கப்பட்டன. எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். பிடித்து விட்டுவிடுவேன் என்று நீங்கள் சொன்னாலும் அங்கே தூண்டில் போட அனுமதி கிடையாது. அந்த மீனைப் பார்க்க ஆசை இருந்தால் கையில் ராடு இல்லாமல் போய்த் தெளிந்த மடுவில் பாருங்கள். அதற்கே மனசு நிறைந்துவிடும்.

பெரிய மீனோடு மல்லுக்கட்ட வேண்டும் என்றால் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் பவானிசாகரிலும் கட்லா இருக்கிறது. மீன்வளத் துறையினரிடம் முறையாகக் கேட்டு, எங்கே போடலாம் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ஊட்டியில் டிரவுட் இன்னும் இருக்கிறதா?
– வாசகர், கோவை

இருக்கிறது. 1860-களில் மீனியல் ஆய்வாளர் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்றது பலிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் காலத்தில்தான் வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகம் உண்டு. குளிர்ந்து ஓடும் தண்ணீர் இல்லாமல் அது பிழைக்காது. ஊட்டி ஏரியில் தேடாதீர்கள். மீன்வளத் துறை அனுமதியும் வனத்துறை அனுமதியும் கையில் இருந்தால் மட்டும் போங்கள்.

வாய்க்காலில் இரண்டு கிலோவுக்கு மேல் ஒரு மீசைக்கார மீன் மாட்டியது. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றார்கள். பாவம் என்று திரும்ப விட்டுவிட்டேன். சரிதானே?
– வாசகர், கும்பகோணம்

சரியில்லை. மற்ற மீனாக இருந்தால் உங்கள் மனசைப் பாராட்டியிருப்பேன். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-ஆம் ஆண்டே மத்திய அரசு தடை விதித்தது. ஆனாலும் திருட்டுத்தனமாக வளர்த்து, வெள்ளத்தில் அவை ஆற்றுக்கு வந்துவிட்டன. குஞ்சு, முட்டை, தவளை, தன்னைவிடச் சிறிய எந்த மீன் என்றாலும் தின்னும். மழை இரவில் ஈரத்தில் ஊர்ந்து பக்கத்துக் குளத்துக்கும் போகும். உடம்பில் கறை கறையாகப் பளிங்கு போன்ற வடிவமும், எட்டு மீசைகளும், முதுகு நெடுக ஒரே துடுப்பும் இருந்தால் சந்தேகம் வேண்டும். நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டி, அதுதான் என்று உறுதியானால் தண்ணீரில் விடாதீர்கள். நாட்டுக் கெளுத்தியை மட்டும் விடுங்கள்.

இழுக்கும்போதெல்லாம் முள்ளோடு நரம்பு போய்விடுகிறது. இரண்டு முறை நரம்பை மாற்றியும் பார்த்துவிட்டேன். மட்டமான நரம்பா?
– வாசகர், திண்டுக்கல்

கையில் மிஞ்சும் நுனியைப் பாருங்கள், அதுவே சொல்லும். நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் நரம்பு அறவில்லை, முடிச்சு உருவிக்கொண்டது. நுனி சொரசொரவென்று பிசிறடித்திருந்தால் கல்லிலோ, உடைந்த வளையத்திலோ உரசியிருக்கிறது. பளிச்சென்று வெட்டியதுபோல் இருந்தால் டிராக்கை இறுக்கி வைத்திருந்தீர்கள், அல்லது நரம்பு வெயிலில் கிடந்து பலம் போய்விட்டது.

உருவியிருந்தால் முடிச்சை மாற்றுங்கள். நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, நுனியை நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். கண்ணுக்கு அருகில் உள்ள முதல் வளையத்துக்குள் நுனியை விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை விடுங்கள். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்தபடியே இறுக்கினால் உரசிச் சூடாகி, முடிச்சுப் போட்ட இடத்திலேயே நரம்பு செத்துவிடும். மெல்ல இறுக்கி, சுற்றுகள் வரிசையாகப் படிகிறதா என்று பார்த்து, முள்ளை ஏதாவது ஆணியில் மாட்டி ஓங்கி ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அறுவதானால் வீட்டிலேயே அறட்டும். பிரெய்டுக்கு இந்த முடிச்சு வழுக்கும். நரம்பை இரட்டையாக மடித்துக் கண்ணில் நுழைத்துப் போடும் பாலமர் முடிச்சுதான் அதற்குச் சரி.

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் நுனியில் ஒரு முழத்தை வெட்டிவிட்டுப் புது முடிச்சுப் போடுங்கள். வெட்டிய துண்டைக் கரையில் எறியாதீர்கள். கொக்கும் நீர்க்காகமும் காலில் சுற்றிக்கொண்டு சாகின்றன. சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பொடிப்பொடியாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.